பி ரீம்

முதலில் ஜேர்சியைப் பற்றிச் சொல்கிறேன்.
என் முதுகில் இருப்பது பதினேழு.
அதற்கு மேலே ஒரு பெயர் இருந்தது.
மரியசீலன் அண்ணன் கனடா போனபிறகு
றெஜினா அக்கா சவர அலகால் சுரண்டி எடுத்தா.
வெயில் சாய்ந்து விழும்போது இன்னும் வாசிக்கலாம்:
ம, பிறகு ஒன்றுமில்லை, பிறகு சீ.
எதிரணிப் பொடியள் 'மசீ' என்று கூப்பிட்டால்
நான் திரும்பிப் பார்ப்பேன்.
பழகிவிட்டது.

குருநகர் கடற்கதிர் விளையாட்டுக் கழகம், பி.
பத்தொன்பது வயதுக்குக் கீழே.
ஏ ரீம் இரவில், விளக்கு வெளிச்சத்தில் ஆடும்.
எங்களுக்குக் காலை பத்தரை,
கோல் கம்பத்தைத் தொட்டால் கை சுடும் நேரம்.
பார்க்க வருவது
வலை பொத்துகிற இரண்டு பேர்,
ஒரு ஆடு,
லீக்கில் இருந்து குடையோடு வரும் சேர்.

அந்த வருசம் பத்து மச்சில் எட்டை வென்றோம்.
பெனில்டஸ் தனியே பதின்மூன்று கோல்.
அதில் ஒன்று முழங்காலில் பட்டுத் தானாகப் போனது,
அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.
மூன்றாம் பிரிவில் முதலிடம்.
கோப்பை தந்தார்கள். ஆளுக்கொரு சோடா தந்தார்கள்.
பிறகு குடைச் சேர் ஒரு கடதாசியை விரித்தார்.

ஒரு கழகத்தின் இரண்டு அணிகள்
ஒரே பிரிவில் ஆடக் கூடாது.
விதி பதினொன்று, உபபிரிவு ஆ.
"இரண்டாம் பிரிவில உங்கட அண்ணன்மார் நிக்கினம்.
அதால இளவாலைப் பொடியள் மேல போவினம்."

சோடா மூக்கில் ஏறிய மாதிரி இருந்தது.
ஜெறின்தான் கேட்டான்:
"அப்ப அண்ணன்மார் கீழ வந்தா, சேர்?"
சேர் கடதாசியின் மறுபக்கத்தைப் பார்த்தார்.
"அப்ப நீங்கள் நாலாம் பிரிவு."

ஆகவே அந்தச் சனி இரவு
மைதானத்தைச் சுற்றிப் பந்து பொறுக்க நின்ற நாங்கள்
எங்கள் வாழ்நாளில் யாருக்கும் கத்தாத அளவுக்கு
அண்ணன்மாருக்குக் கத்தினோம்.
எங்களைக் கண்டால் பூட்ஸைக் கழற்றி எறிந்து
"கழுவி வை" என்பவர்களுக்கு.
எங்கள் பயிற்சி நேரத்தைப் பிடுங்கிக்கொள்பவர்களுக்கு.
மானிப்பாய்க்காரரோடு கடைசி மச்.
சமன் செய்தால் போதும்.

எண்பத்திரண்டாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று.
மானிப்பாய் முன்னுக்கு அடிக்கிறது, திரும்பத் திரும்ப.
ஸ்ரனிஸ் அண்ணன் கண்ணை மூடி உதைத்த உதையில்
பந்து மதிலைத் தாண்டிக் கடலுக்குள் விழுந்தது.

மற்றப் பந்தில் காற்று இல்லை.
எப்படிப் போனதென்று என்னிடம் கேட்காதீர்கள்.
பெனில்டஸ் பம்பைத் தேடினான்.
பம்ப் அவன் இருந்த வாங்குக்குக் கீழேதான் கிடந்தது,
அவன் வானத்தைத் தவிர எல்லா இடமும் தேடினான்,
கடைசியில் வானத்தையும் பார்த்தான்.

றெபரி மதிலடிக்கு ஓடி வந்தார்.
"டேய், குதிச்சு எடு!"
ஜெறின் தண்ணீரைப் பார்த்தான்.
நடக்க முதல் நீந்தியவன்,
விடிய மூன்று மணிக்குத் தகப்பனோடு இறால் வலைக்குப் போகிறவன்,
கையைப் பிசைந்துகொண்டு சொன்னான்:
"எனக்கு நீந்தத் தெரியாது, சேர்."

நாலு நிமிடம். ஐந்து என்றும் சொல்வார்கள்.
றெபரி கூட்டிக் கொடுத்தது இரண்டுதான்.

சமன்.
வெடி கொளுத்தினார்கள். லொறியில் ஏறி ஊரைச் சுற்றினார்கள்.
லொறியில் எங்களுக்கு இடமில்லை.
நாங்கள் மூலைக் கொடிகளைப் பிடுங்கி அடுக்கினோம்.
அவர்கள் அதே பிரிவு, நாங்கள் அதே பிரிவு,
அதே காலை பத்தரை.
இவ்வளவு பாடுபட்டு
நின்ற இடத்தில் நிற்கிறோம் என்று பெனில்டஸ் சொன்னான்.
ஒருவரும் சிரிக்கவில்லை, பிறகு எல்லாரும் சிரித்தோம்.

விளக்கு அணைக்க முதல்
ஜெறின் சட்டையோடு மதிலில் இருந்து பாய்ந்தான்.
ஏழு வீச்சில் பந்து.
கரையேறும்போது முன்னால் குடைச் சேர்,
இரவிலும் குடையோடு.

"நீந்தத் தெரியாதெண்டாய்?"

உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னான்:
"இப்பத்தான் பழகினனான், சேர்."